மடத்து வழக்கும் மார்க்க உரிமையும்

மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமை நமக்கு எதனால் கிடைத்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், அரசியல் சட்டத்தால் என்று உடனே விடை சொல்வர். சரியான விடைதான். எனினும் சட்ட ஏட்டில் எழுதப்பட்ட ஒரு சொல் மக்கள் வாழ்வில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்த ஏடு முழுவதும் சொல்லிவிடுவதில்லை. சபையில் நடந்த வாதங்களும் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளுமே அதை வரையறுத்திருக்கின்றன. அவற்றில் நம் சென்னையார்க்கு இருந்த பங்கை நாம் அறிந்திருப்பது நலம்.

கபாலீசுவரர் கோயிலும், 1516ஆம் ஆண்டின் லஸ் மாதா கோயிலும், சாந்தோம் பேராலயமும் அருகருகே நிற்கும் ஊர் மயிலாப்பூர். ஆற்றைக் கடந்தால் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோப்புக்குள் பள்ளிவாசல் உட்படப் பல சமயத்தாரின் வணக்கத் தலங்கள் உள்ளன. இத்தகைய சூழலில், லஸ் சர்ச் சாலையில் வாழ்ந்தவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவில் இருந்த சட்ட மேதைகளுள் அவர் முதல் வரிசையினர்.

1947இல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழு கூடியபோது, சமயத்தை நம்புவது மட்டுமன்றி அதை நடைமுறையில் அனுசரிப்பதும் உரிமையா என்ற கேள்வி எழுந்தது. அனுசரிக்கும் உரிமையை வரம்பின்றி அளித்தால், சமயத்தின் பெயரால் நிலவும் தீய வழக்கங்களைக் களையும் சட்டங்கள் செல்லாமற் போகும் என்று ராஜகுமாரி அம்ருத் கௌர் அஞ்சினார். அல்லாடியும் அக்கவலையைப் பகிர்ந்துகொண்டார். இறுதியில் அனுசரிக்கும் உரிமையும் நின்றது, சமூகச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு இடமும் ஒதுக்கப்பட்டது. இன்றைய 25ஆவது ஷரத்தின் அமைப்பு இதுவே. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, சமயத்தை நம்பவும் அனுசரிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் அது உரிமை அளிக்கிறது.

‘பரப்பவும்’ என்ற சொல்லும் எளிதில் வந்ததன்று. 1948 டிசம்பர் 6ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அச்சொல்லை நீக்கிவிட வேண்டுமெனச் சிலர் வாதிட்டனர். அதை ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இன்று ஆழ்வார்ப்பேட்டை வழியே செல்லும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாம் சுமார் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். இவ்வுரிமை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று, ஆரிய சமாஜத்தார்க்கும் உரியதே என்றும் சுட்டினார். அச்சொல் நிலைபெற்றது. நான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 10இல், பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 18ஆவது ஷரத்தும் சமய உரிமையைப் பற்றியதே.

அதே சபையில் சென்னையின் மற்றொரு குரலும் ஒலித்தது. 1948 நவம்பர் 23இல் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள், எந்தச் சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற திருத்தத்தை முன்மொழிந்தார்கள். அன்று அதை எதிர்த்துப் பேசியவர்களுள் அல்லாடியும் ஒருவர். திருத்தம் ஏற்கப்படவில்லை. எனினும் வாதம் கண்ணியத்தோடு நடந்தது, சபை ஏட்டில் பதிவாயிற்று.

இனி, சபையை விட்டு நீதிமன்றத்துக்கு வருவோம். 1951இல் சென்னைச் சட்டமன்றம் இந்து சமய அறநிலையச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அந்நாளில் உடுப்பி, சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. அவ்வூரின் எட்டு மடங்களுள் ஒன்றான ஷிரூர் மடத்தின் தலைவர், அரசு அதிகாரிகளின் தலையீட்டை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அங்கே அவர் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1954 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் தீர்ப்பளித்தது. அல்லாடி அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1953 அக்டோபரில் காலமாகியிருந்தார்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.கே. முகர்ஜி. சமயம் என்பது மனிதனுக்கும் படைத்தவனுக்கும் இடையே உள்ள உறவு பற்றிய கருத்து மட்டுமே என்ற பொருள்பட அமெரிக்க நீதிமன்றம் 1890இல் கூறிய இலக்கணம் போதாது என்றார் அவர். சமயத்தை ஒட்டிச் செய்யப்படும் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 1943ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய வழக்கொன்றில் சொல்லப்பட்டதை எடுத்துக்காட்டினார். சடங்கும் வழிபாட்டு முறையும், ஏன், உணவும் உடையும்கூடச் சமயத்தின் பகுதியாகலாம் என்றார். எது ஒரு சமயத்தின் இன்றியமையாப் பகுதி என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றும் விதித்தார். வரைமுறையின்றி அதிகாரிகள் மடத்தினுள் நுழைய இடமளித்த பிரிவு செல்லாது என்றாயிற்று.

ஒரு வைணவ மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கு இது. ஆயினும் அதன் பயன் மடத்தோடு நின்றுவிடவில்லை. அன்று முதல் பள்ளிவாசலும் தேவாலயமும் குருத்வாராவும் நீதிமன்றப் படியேறும் போதெல்லாம் அத்தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டுகின்றன. அண்டை வீட்டான் கட்டிய மதில் நம் வீட்டுக்கும் காவலாயிற்று.

ஆனால் அதே தீர்ப்பில் பிறந்த ‘இன்றியமையாப் பகுதி’ என்ற அளவுகோல் பின்னர் நமக்கு எதிராகவும் திரும்பியது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்களை எதிர்த்து முஹம்மது ஹனீஃப் குறைஷியும் பிறரும் தொடுத்த வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை எடுத்தது. ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்த்த ஹிதாயாவைப் புரட்டிற்று. ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது எழுவருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ குர்பானி கொடுக்கலாம் என்று அதில் கண்டது. தேர்வுக்கு இடமிருப்பதால் பசுவைக் கொடுப்பது கட்டாயமன்று என்று முடிவு செய்தது. மார்க்கக் கோட்பாட்டை விளக்கவல்ல அறிஞர் எவரும் பிரமாணப் பத்திரம் அளிக்கவில்லை என்பதையும், மனுவில் திருமறையின் எந்த அத்தியாயமும் குறிக்கப்படவில்லை என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொல்லிற்று.

பசுவைத்தான் அறுக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. அண்டையார் மனம் நோகாதிருக்க ஆட்டைத் தேர்ந்துகொள்வது நம் முன்னோர் பலர் கண்ட வழி. நாம் கவலுறுவது வேறொன்றைப் பற்றி. ஹனஃபி மத்ஹபில் குர்பானி வாஜிபு. நம் கரையோர ஊர்களில் வழங்கும் ஷாஃபி மத்ஹபில் அது சுன்னத்து முஅக்கதா. பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து நிறைவேற்றும் கடமைக்கு ‘வாஜிபு முகைய்யர்’ என்று உசூல் நூலோர் பெயரிட்டுள்ளனர். சத்தியத்தை முறித்தவன் செய்ய வேண்டிய பரிகாரம் இதற்கு உதாரணம். பத்து ஏழைகளுக்கு உணவளித்தாலும், உடையளித்தாலும் கடமை நிறைவேறும். இரண்டில் ஒன்றைக் கட்டாயமில்லை என்று சொல்லிவிடலாம். மார்க்கத்தில் சேராதது என்று சொல்ல இயலாது. இந்த வேறுபாட்டை மத்ரஸாவின் நடுத்தர வகுப்பு மாணவரும் அறிவார். நாட்டின் உச்ச மன்றத்தில் அதை எடுத்துரைக்க அன்று ஓர் ஆலிம் நிற்கவில்லை.

வேறொரு பாதையையும் நீதிமன்றம் காட்டியுள்ளது. தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையோடு எழுந்து நின்று, ஆனால் பாடாதிருந்த கேரளத்து யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்புடையதா என்பது கேள்வியன்று, அவர்கள் அதை மனச்சான்றோடும் உண்மையாகவும் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்றார். 2022இல் கர்நாடக ஹிஜாப் வழக்கில் உயர் நீதிமன்றம் மீண்டும் இன்றியமையாமை என்னும் தராசையே எடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அவர்களுள் நீதிபதி துலியா, அத்தராசே அங்குத் தேவையற்றது எனக் கண்டார்.

மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் 256ஆவது வசனம் நமக்குக் கற்பித்த பாடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் செய்த உடன்படிக்கை யூதர்களுக்கு அவர்தம் மார்க்கத்தை உறுதி செய்தது. ஆகவே பிறர் உரிமைக்கு ஊறு நேரும்போது, அது நமக்கு அயலான விஷயம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. மடத்தின் வழக்கு நம்மைக் காத்தது போல, அந்த மூன்று பிள்ளைகளின் வழக்கும் நம் பிள்ளைகளைக் காக்கக்கூடும்.

சட்டம் பயிலும் நம் இளைஞர் ஃபிக்ஹின் அடிப்படையையும் அறிந்திருத்தல் வேண்டும். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் 25, 26 ஆகிய ஷரத்துகளைத் தமிழிலேனும் படித்திருத்தல் வேண்டும். இவ்விரு கல்வியும் ஒரே வீட்டில் சந்திக்குமாயின், நம் மார்க்கம் இன்னதென்று நீதிமன்றம் கேட்கும் நாளில், மொழிபெயர்ப்பு நூலை எதிர்பாராமல் நாமே விடை சொல்வோம்.