துருவும் துரும்பும்: பாறசாலை எல்லையில் ஓர் இரும்புக் கதவு

சொற்களைத் தேடிக் களப்பணிக்குச் செல்பவருக்குப் பொருள்கள்தாம் முதலில் எதிர்ப்படுகின்றன. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் பேச்சுவழக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டின் இரும்பு வாயிற்கதவைச் சுரண்டிக்கொண்டிருந்த முதிய பெயின்டர் ஒருவரிடம் வெகுநேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்காரருக்குப் பீரோவில் இருப்பதுபோலச் சுத்தியலால் தட்டிய தோற்றம் தரும் ஹேமர்டோன் பூச்சு வேண்டுமாம். முதியவருக்கு அதில் மறுப்பில்லை, அவசரத்தில்தான் மறுப்பு. "உள்ள துரும்பு இருந்தா மேல என்னத்த அடிச்சும் காரியமில்ல மக்களே" என்றார்.

அவர் சொன்னது துரும்பு. தமிழில் அது வைக்கோல் துணுக்கு. மலையாளத்தில் இரும்பின் துரு. அவரோ அந்த வாக்கியம் முழுவதையும் தமிழில்தான் பேசினார். ஈழத்தமிழர் இதையே கறள் என்பர். பூச்சுக்குத் தீந்தை என்னும் போர்த்துக்கேயச் சொல்லையும் அவர்கள் காத்து வைத்திருக்கின்றனர். பீரோ எனத் தமிழர் சொல்லும் இரும்புப் பெட்டகம் சில கிலோமீட்டர் வடக்கே அலமாரி ஆகிவிடுகிறது. முன்னது பிரெஞ்சு வழி, பின்னது போர்த்துக்கேயம். கையில் அவர் வைத்திருந்தது உப்புத்தாள். கடற்காற்றின் உப்பால் வந்த துருவை உப்புத்தாளால் தேய்ப்பதைக் கண்டு மொழியியல் மாணவருக்கு ஏற்படும் சிறுபிள்ளை மகிழ்ச்சியை மறைக்கவா முடியும்?

வேலையின் முறை எளியது, ஆனால் வரிசை மாறலாகாது. உதிரும் பழம்பூச்சையும் தளர்ந்த துருவையும் நீக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்பு பூச்சுக்கடியில் தங்கினால், படலத்தின் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். அதன்பின் துருத்தடுப்பு அடிப்பூச்சு. கூர்விளிம்புகளிலும் பற்றவைப்பு மூட்டுகளிலும் தனியாக ஒருமுறை கூடுதலாகப் பூச வேண்டும். ஈரப்பூச்சு விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும். மேடுபள்ளப் பூச்சு கடைசியில்தான். அதிலுள்ள அலுமினியச் செதில்கள், கரைப்பான் ஆவியாகும்போது உண்டாகும் நுண்சுழல்களால் வட்டவட்டமாக ஒதுங்கி அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. தகட்டின் நெளிவை அது மறைக்கும். துருவை அது தடுக்கிறது என்று நம்புவது தவறு. தடுப்பது அடிப்பூச்சும் மொத்தப் படலத்தின் கனமும். இரும்புப் பாலங்களுக்குப் பூசப்படும் அப்பிரகம் போன்ற இரும்பு ஆக்சைடு வேறு வகை. அதன் தட்டைச் செதில்கள் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரத்தின் வழியை நீளமாக்குகின்றன. அங்கே சொரசொரப்புக்கும் காப்புக்கும் உண்மையிலேயே உறவுண்டு.

கதவில் சுரண்டச் சுரண்டப் பழைய அடுக்குகள் வெளிப்பட்டன: வெள்ளை, அதன்கீழ்ச் சிவப்பு. அந்த வெள்ளைக்கு இந்த மண்ணோடு பழைய தொடர்பு உண்டு. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரகர் என்னும் பாதிரியார் கருமணலில் புதியதொரு தனிமத்தைக் கண்டார், அதுவே டைட்டானியம். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு மணவாளக்குறிச்சிவரை வந்து சேர்ந்தார். அவர் தேடியது எரிவாயு விளக்கின் வலைக்கான தோரியம். கூடவே கிடைத்த கருநிற இல்மனைட் அப்போது பொருட்படுத்தப்படவில்லை. டைட்டானியம் டையாக்சைடு வெள்ளை நிறமியாகத் தொழிற்சாலைகளில் உருவாகத் தொடங்கிய பின்னரே அதற்கு மதிப்பு வந்தது. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள இரும்பை அன்னபேதியாகப் பிரித்தெடுத்தால் வெள்ளை மிஞ்சும். இரும்பைக் கழித்துப் பெற்ற நிறத்தை மீண்டும் இரும்பின்மீதே பூசுகிறோம்.

1946இல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டபோது, மணவாளக்குறிச்சியும் சவறாவும் ஒரே அரசில் இருந்தன. 1956 நவம்பர் 1 அந்த வரைபடத்தை மாற்றியது. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மணவாளக்குறிச்சி மணலும் அவற்றோடு வந்தது. ஆலையும் சவறாவும் நெய்யாற்றின்கரை வட்டமும் கேரளத்தில் நின்றன. மொழிவழிப் பிரிவினையின் வரலாற்றை எழுதுவோர் போராட்டங்களையும் ஆணைக்குழுவையும் எழுதுகிறார்கள். மணலும் ஆலையும் பிரிந்ததை நம் வகுப்பறைகளில் நான் கேட்டதில்லை.

கீழே இருந்த சிவப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது வெறும் இரும்பு ஆக்சைடாக இருக்கலாம். ஈயச் செந்தூரமாகவும் இருக்கலாம். ஈயச் செந்தூரம் எண்ணெயோடு சேர்ந்து உருவாக்கும் சேர்மங்கள் இரும்பைத் துருவிலிருந்து காப்பதில் நிகரற்றவை. அதனால்தான் உலகெங்கும் பாலங்கள் அந்நிறத்தில் நின்றன. ஐரோப்பியக் கைப்பிரதிகளின் சிவப்பெழுத்துக்கும் அதுவே நிறமி. இலத்தீனில் அதன் பெயர் மினியம். மினியேச்சர் என்ற சொல் பிறந்தது அதிலிருந்துதான், சிறுமையிலிருந்து அன்று. ஆனால் அதன் தூசி குழந்தைகளின் மூளையைத் தாக்கும். வெள்ளை ஈயத்துக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை 1921இலேயே வந்தது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாதென்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையில் உள்ளது. தொழிற்துறைப் பூச்சுகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. பழைய கதவுகளில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதை எந்த விதி சுரண்டி எடுக்கும்?

முதியவர் முகத்தில் துணி கட்டவில்லை. உலர்ந்த தூசி காற்றில் பறந்து வாசற்படியில் விளையாடிய குழந்தையருகே படிந்தது. நான் தயங்கித்தான் சொன்னேன்: நனைத்துத் தேய்த்தால் தூசி எழாதே, கீழே ஒரு விரிப்பு இட்டால் வாரி எடுத்துவிடலாமே. சற்று நேரம் என்னைப் பார்த்தவர், குழந்தையை உள்ளே கூட்டிப்போகச் சொல்லிவிட்டு வாளியைக் கேட்டார். நனைந்த கதவு இனிக் காய வேண்டும், இன்று பூச முடியாது என்று வீட்டுக்காரரிடம் சொன்னார், இம்முறை மலையாளத்தில்.