கொல்லையில் ஆடு வளர்க்கப் போகிறீர்களா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே ஒரு குட்டியை வாங்கிக் கொல்லையில் கட்டி வளர்ப்பது நம் குடும்பங்களில் பழைய வழக்கம். குர்பானி எண்ணம் இல்லாமல், பிள்ளைகள் கொஞ்சி விளையாட ஒன்று இருக்கட்டும் என்று வாங்குவோரும் உண்டு. இரண்டும் நல்ல காரியமே. நபிமார்கள் எல்லோரும் ஆடு மேய்த்தவர்கள் என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்ததாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. பொறுமையையும் இரக்கத்தையும் பழக்கும் வேலை அது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. வெள்ளாடு 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடிய பிராணி. அதன் வயிறு, பழக்கம், பயம் எல்லாமே நாய், பூனையிலிருந்து வேறுபட்டவை. இது தெரியாமல் வளர்க்கப்படும் பல ஆடுகள், வீட்டார் பாசத்தோடு கொடுத்த தீனியாலேயே செத்துப்போகின்றன. எனவே கயிற்றைப் பிடிக்கும் முன் கீழே உள்ளவற்றை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஒன்று போதுமா?

போதாது. ஆடு மந்தைப் பிராணி. தனியாகக் கட்டப்பட்ட குட்டி இரவெல்லாம் கத்தும், தீனி எடுக்காது, மெலியும். குறைந்தது இரண்டாக வாங்குங்கள். இரண்டும் பெட்டையாகவோ, இரண்டும் காயடித்த கிடாவாகவோ இருக்கலாம். கிடாவும் பெட்டையும் சேர்ந்து வாங்கினால் கவனம் தேவை. கிடாக்குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் நிலைக்கு வந்துவிடும். பெட்டைக்குட்டியும் உடல் முழுமையாக வளரும் முன்பே சினையாகிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். இளம் வயதில் சினையான குட்டிக்குப் பிரசவம் உயிராபத்தாக முடியலாம்.

காயடிக்காத கிடா பருவத்துக்கு வந்ததும் மொச்சை நாற்றம் வீசும், முட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது சரிப்படாது. காயடிப்பதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டே செய்யுங்கள். காயடித்த ஆடு குர்பானிக்குத் தகும் என்பதால் இதில் தயக்கம் வேண்டாம்.

இடம் எப்படி இருக்க வேண்டும்?

வளர்ந்த ஆடு ஒன்றுக்குக் கூரையின் கீழ் 10 சதுர அடியாவது வேண்டும். அதைத் தவிர, நடந்து திரியத் திறந்த வெளியும் வேண்டும். ஆட்டுக்கு ஆகாதது ஈரம். நனைந்த தரையில் படுக்கும் ஆட்டுக்குச் சளியும் நுரையீரல் நோயும் குளம்பு அழுகலும் வரும். மேட்டில் கொட்டில் போடுங்கள். முடிந்தால் தரையிலிருந்து உயர்த்திப் பலகைப் பரண் அமையுங்கள். பலகைகளுக்கு நடுவே புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கட்டும், கால் மாட்டிக்கொள்ளக் கூடாது. கோடையில் தகிக்கும் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு ஆடு வளர்ப்பது கொடுமை.

தெருநாய்களை மறந்துவிடாதீர்கள். இரவில் கதவடைக்காத கொட்டிலுக்குள் நாய்கள் புகுந்தால் காலையில் எதுவும் மிஞ்சாது. நாயால் தாண்டவோ தோண்டி நுழையவோ முடியாத அடைப்பு வேண்டும். கழுத்தில் சுருக்கு விழும் முடிச்சுப் போடாதீர்கள். சுற்றிச் சுற்றி வரும் ஆடு கயிற்றில் சிக்கி மூச்சுத் திணறிவிடும்.

எந்த ஆடு வாங்குவது?

நம் மண்ணுக்குப் பழகிய இனங்களே வீட்டுக்கு நல்லவை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கன்னி ஆடு, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் கொடி ஆடு, சேலம் வட்டாரத்தில் சேலம் கருப்பு ஆகியவை பெயர்பெற்றவை. கொடி ஆடு உயரமானது, வெட்டவெளியில் திரிந்து மேய்ந்து பழகியது. கொல்லை குறுகலாக இருந்தால் குட்டையான பள்ளை ஆடு பொருந்தும். ஜமுனாபாரி போன்ற பெரிய வடநாட்டு இனங்களைக் காதழகு பார்த்து வாங்காதீர்கள். அவற்றுக்கு இடமும் தீனியும் கூடுதலாகத் தேவை.

சந்தையை விட, வளர்ப்பவர் வீட்டிலேயே வாங்குவது பாதுகாப்பு. பல ஊர் ஆடுகள் கூடும் சந்தையில் நோயும் கூடும். வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் சளி ஒழுகுகிறதா, வால் பகுதியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா, அசைபோடுகிறதா என்று பாருங்கள். பால்குடி மறக்காத குட்டியை வாங்காதீர்கள். மூன்று மாதம் கடந்து, இலைதழை நன்றாகத் தின்னும் குட்டியே ஏற்றது. ஏற்கெனவே ஆடு இருக்கும் வீடாக இருந்தால், புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

சோறு கொடுத்துக் கொல்லாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இலையையும் புல்லையும் செரிக்க வைப்பவை அவையே. சோறு, அரிசி, கோதுமை, ரொட்டி ஆகியவற்றைத் திடீரென்று நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், இடது விலா உப்பும், தண்ணீராகக் கழியும், படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். கலியாண வீட்டில் மிஞ்சிய பிரியாணிச் சோற்றை ஆட்டுக்கு வைப்பது இரக்கமாகத் தெரிகிறது. அதுவே அதற்கு விஷம். அரிசி மூட்டையையும் தவிட்டுப் பானையையும் ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்படித் தின்றுவிட்டால் நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். படுத்துக் கிடக்கும் ஆட்டின் வாயில் எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சரியான தீனி என்பது முதன்மையாகத் தழைதான். ஆடு புல்லைக் குனிந்து மேய்வதைவிட நிமிர்ந்து தழை கடிப்பதையே விரும்பும். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா, வேலிமசால், பலா இலை, வேப்பந்தழை எல்லாம் நல்லவை. சவுண்டல் தழை சத்தானது, ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளுக்கு ஏறத்தாழ 3 கிலோ பசுந்தழை வேண்டும். கூடவே கொஞ்சம் கடலைக்கொடி போன்ற உலர்தீவனம், தாது உப்புக்கட்டி, எந்நேரமும் சுத்தமான தண்ணீர். தழையைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மிதிபட்டதை ஆடு தின்னாது, தின்றால் குடற்புழு சேரும். எந்தப் புதுத் தீனியையும் ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

பெருநாளுக்குள் எடை ஏற வேண்டும் என்று காயடித்த கிடாவுக்குத் தவிடும் தானியமும் அள்ளிப் போடுவோர் உண்டு. அதனால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும். ஆடு முக்கி முக்கி நின்றும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது வராமலே போனால், அது அவசர நிலை. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நச்சுச் செடிகளையும் அறிந்துகொள்ளுங்கள். அழகுக்காக வைக்கும் அரளி ஒரு சில இலைகளாலேயே ஆட்டைக் கொல்லும். உண்ணிச்செடி, ஆமணக்கு விதை, மரவள்ளித் தழை, பூக்காத இளஞ்சோளப் பயிர் ஆகியவையும் ஆபத்து. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும்.

தடுப்பூசியும் மருத்துவமும்

ஆட்டுக்கொல்லி நோய் என்னும் பி.பி.ஆர். மந்தையையே அழிக்கக்கூடியது. காய்ச்சல், கண் மூக்கில் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் அதன் அடையாளங்கள். மூன்று மாதம் கடந்த குட்டிக்குத் தடுப்பூசி போட்டால் மூன்று ஆண்டுவரை பாதுகாப்பு உண்டு. துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட வேண்டும். கோமாரி, ஆட்டம்மை ஆகியவற்றுக்கும் தடுப்பூசி உண்டு. உங்கள் வட்டாரத்துக்கு எது எப்போது தேவை என்பதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

குடற்புழு மருந்தை எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில்தான் கொடுக்க வேண்டும். புழுக்கையைப் பரிசோதித்துக் கொடுப்பது இன்னும் நல்லது. கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பு மறைந்து வெளுத்திருந்தால் புழுக்கள் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் 102 முதல் 103.5 டிகிரி பாரன்ஹீட். நம் உடல் சூட்டோடு ஒப்பிட்டுக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். அவசரத்துக்குக் கால்நடை ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். வளர்ப்புப் பயிற்சி வேண்டுவோர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களை அணுகலாம்.

வீட்டாரின் நலன்

ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கக் கூடாது, குழந்தைக்குத் தேவையான ஃபோலிக் அமிலம் அதில் மிகக் குறைவு. ஆடு கன்று வீசினாலோ குட்டி ஈன்றாலோ கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையில் இறங்கவே கூடாது. வாயில் புண்ணுள்ள ஆட்டைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். நல்லாயிருந்த ஆடு திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள்.

தூய்மை விஷயமும் உண்டு. ஆட்டின் சிறுநீரும் புழுக்கையும் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபிலும் நஜீஸ்தான், எந்த அளவு மன்னிக்கப்படும் என்பதில் விவரம் உண்டு. கொட்டில் வேலைக்கென்று ஓர் உடையைத் தனியே வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்தில் சிரமமில்லை.

அண்டை வீட்டாரின் உரிமை

நகர்ப்பகுதியில் இருப்பவர்கள் ஆடு வளர்க்க அனுமதி தேவையா என்று நகராட்சியிலோ மாநகராட்சியிலோ முதலில் கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். கத்தலும் வாடையும் ஈயும் பக்கத்து வீட்டைத்தான் முதலில் சேரும். புழுக்கையைத் தினமும் அள்ளி எருக்குழியில் போடுங்கள், கேட்பவருக்கு எருவாகக் கொடுங்கள். ஒரு சமூகத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த வழக்கில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் தீர்ப்பளித்ததைக் குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. பிறர் தோட்டத்தை நம் ஆடு மேய்ந்தால், ‘வாயில்லா ஜீவன்தானே’ என்று சொல்லி நாம் நழுவிவிட முடியாது.

குர்பானிக்காக வளர்ப்பவர்களுக்கு

வீட்டில் வளர்ப்பதில் பெரிய வசதி, வயது சந்தேகமில்லாமல் தெரியும் என்பது. வெள்ளாட்டுக்கு ஹனஃபி மத்ஹபில் ஓராண்டும், ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாண்டும் நிறைந்திருக்க வேண்டும். கணக்கு ஹிஜ்ரி ஆண்டுப்படி. எனவே பிறந்த நாளை விசாரித்து எழுதி வையுங்கள். பல் விழுந்து முளைப்பதை வைத்துச் சொல்வது ஓர் அடையாளமே, சில மாதங்கள் முன்பின் ஆகலாம். ஒற்றைக் கண் குருடு, வெளிப்படையான நோய், வெளிப்படையான நொண்டல், எலும்பில் சத்தில்லாத மெலிவு ஆகிய நான்கும் உள்ள பிராணி குர்பானிக்கு ஆகாது என்பது ஹதீஸில் வந்துள்ளது. ஆகவே இதுவரை சொன்ன பராமரிப்பு முழுவதும் குர்பானியோடும் சேர்ந்ததே. “இந்த ஆட்டை அல்லாஹ்வுக்காகக் கொடுப்பேன்” என்று நேர்ச்சை வைத்துவிட்டால் சட்டம் மாறும். வாய்விட்டுச் சொல்லும் முன் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். பெயர் வைத்து, கையால் ஊட்டி வளர்த்த ஆடு பெருநாளன்று அறுக்கப்படும் என்பதை அன்று காலையில்தான் ஒரு குழந்தை தெரிந்துகொள்வது நியாயமில்லை. வாங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். குர்பானிக்கு ஒன்று, வளர்ப்புக்கு ஒன்று என்று இரண்டு ஆடுகளையும் முதலிலேயே பிரித்துச் சொல்வது நல்ல வழி. குழந்தை அழுதால் கேலி செய்யாதீர்கள், வளர்த்தவருக்கு மனம் கனப்பது இயல்பு. அறுக்கும்போது கத்தி கூர்மையாக இருக்கட்டும், அதை ஆட்டின் கண்முன் தீட்டாதீர்கள், இன்னோர் ஆடு பார்க்க அறுக்காதீர்கள். இவை மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்குகள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கட்டிவைத்த பிராணி தானாகப் போய்த் தேடித் தின்ன முடியாது. அதன் தீனியும் தண்ணீரும் நிழலும் மருந்தும் கயிற்றைப் பிடித்தவர் கையில் உள்ள அமானிதம். தினமும் காலையும் மாலையும் அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறதா என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள். முடியாது என்றால் பெருநாளுக்கு முந்தைய நாள் வாங்கிக்கொள்வதில் ஒரு குறையுமில்லை.