வேகத்தைத் தன் உடலால் அளந்தவர்

1954 டிசம்பர் 10. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தின் மீது ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டி ஒன்று சீறிப் பாய்ந்தது. ஐந்தே விநாடிகளில் அதன் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியது, பிறகு 1.4 விநாடியில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே பட்டைகளால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தவர் விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப். அவர் தாங்கிய எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 46 மடங்கு! கண்களில் இரத்தம் கசிந்து பார்வை மறைந்தது; பின்னர் திரும்பியது. அவருடைய சோதனைகளுக்கு முன், 18 மடங்கே மனிதனைக் கொன்றுவிடும் என்று நம்பியிருந்தனர்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி, அதன் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது. காரோடு சேர்த்துக் கட்டப்பட்டவருக்கு எதிர்முடுக்கம் ஏறத்தாழ 28 மடங்கு. ஸ்டாப் தாங்கியதைவிடக் குறைவு. கட்டப்படாதவரோ, கார் நின்ற பிறகும் அதே வேகத்தில் முன்னே சென்று, கண்ணாடியிலோ ஸ்டியரிங்கிலோ ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் 280 மடங்கு! விதி நியூட்டனுடையதுதான்; மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

விமான விபத்துகளைவிடக் கார் விபத்துகளிலேயே விமானப்படையினர் அதிகமாக இறப்பதைக் கண்ட ஸ்டாப், 1955இல் கார் மோதல் ஆய்வு மாநாட்டைத் தொடங்கினார். 1959இல் சுவீடன் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை இருக்கை வாரை வோல்வோ காரில் அமைத்தார். விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிறரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1966இல் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டபோது, ஸ்டாப்பும் அங்கிருந்தார்.