திருடன் சீட்டு

போன வருஷம் நண்பர்கள் எட்டுப் பேர் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகப் பைக்கில் பயணம். பெரியாறு அணைப் பூங்காவில் மரத்தடி பார்த்து உட்கார்ந்ததுமே ஒருத்தன், "மாஃபியா ஆடலாமாடா?" என்றான்.

தெரியாதவர்களுக்கு: சீட்டுக் குலுக்கிப் போட்டு ரெண்டு பேர் ரகசியமாகக் கொலைகாரர்கள் ஆவார்கள். மற்றவர்கள் ஊர் ஜனம். ‘ராத்திரி’ எல்லோரும் கண்ணை மூட, கொலைகாரர்கள் மட்டும் கண் திறந்து ஒருத்தரைக் காலி பண்ணுவார்கள். ‘விடிந்ததும்’ ஊர் கூடிக் கேள்வி கேட்டு, சண்டை போட்டு, ஓட்டுப் போட்டு ஒருத்தரை வெளியேற்றும்.

மூன்றாவது ரவுண்டில் யார் மேலும் சந்தேகம் நிற்கவில்லை. என் முறை வந்தது. எதிரே உசிலம்பட்டிப் பக்கத்து நண்பன் இருந்தான். "இதுல யோசிக்க என்னடா இருக்கு? இவன் ஊரைச் சொன்னாலே போதுமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஓட்டுப் போட்டு வெளியேற்றினோம். சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஊர் ஜனம்.

திரும்பி வரும்போது அவன் என் பைக்கில் ஏறவில்லை. அதன் பிறகுதான் இந்த விளையாட்டைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

மாஃபியாவை உருவாக்கியவர் திமித்ரி டேவிடாஃப். 1986 வாக்கில், மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் பிறந்தது. விஷயம் தெரிந்த சிலருக்கும் விஷயம் தெரியாத பலருக்கும் நடக்கும் மோதல்தான் அதன் அடிப்படை. 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் கொலைகாரர்களை ஓநாய் மனிதர்களாக மாற்றினார். 2018-ல் வெளியான ‘அமாங் அஸ்’ ஊரடங்குக் காலத்தில் அதையே போனுக்குள் கொண்டுவந்தது.

நமக்கு இது புதுசில்லை. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக் குலுக்கிப் போட்டவர்கள்தானே நாம். எங்கள் வீட்டுக் கணக்கில் ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0. போலீஸ் தப்பாகக் கைகாட்டினால் அவர் புள்ளி திருடனுக்குப் போய்விடும். தப்பாகச் சந்தேகப்படுவதற்கு அங்கே விலை உண்டு. அதைவிட முக்கியம், ரவுண்டு முடிந்ததும் சீட்டைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். போன ஆட்டத்துத் திருடன் இந்த ஆட்டத்தில் ராஜா ஆகலாம்.

சீட்டைத் திருப்பி வாங்காத ஓர் ஆட்டமும் இதே மண்ணில் நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கிலேய அரசு 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்தது. 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாதபடி 1871 சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். மாஃபியாவில் அப்பாவிக்கு வாய்ப்பேச்சாவது மிச்சம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

பிரமலைக் கள்ளர்கள் மேல் இந்தச் சட்டம் பாய்ந்தது. கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ராதாரிச் சீட்டு என்று அதற்குப் பெயர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். பிளவக்கல்லுக்கு வடக்கே, உசிலம்பட்டிப் பக்கம்தான் அந்த ஊர். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது.

சட்டம் போய் இத்தனை வருஷம் கழித்து, ஒரு மரத்தடியில் நான் அதை மறுபடி அமல்படுத்தியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஊர்ப் பெயரே எனக்குப் போதுமாக இருந்தது. நான் அன்றைக்கு மாஃபியா ஆடவே இல்லை.

படித்ததையெல்லாம் அவனிடம் போய்ச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "எங்க பூட்டன் பொண்ணு பாக்கப் போனப்பவும் சீட்டு வாங்கிட்டுத்தான் போனாராம் மாப்ள. வீட்ல அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. நானும் சிரிச்சுப் பழகிட்டேன்."

இந்த வருஷமும் பிளவக்கல் போனோம். வந்தான். சீட்டை அவன்தான் குலுக்கிப் போட்டான். எனக்குக் கொலைகாரன் சீட்டு விழுந்தது. முதல் ரவுண்டிலேயே என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிடித்துவிட்டான்.