யானை வயிற்றில் ஒரு நாழிகை வட்டில்

13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து கப்பலேறி வந்தன. காயலும் கீழக்கரையும் பெரியபட்டினமும் வரிசையாக அமைந்த இந்தக் கரையில் அரபு வணிகர்கள் தங்கினார்கள், பெண்ணெடுத்தார்கள், ஊராரானார்கள். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களில் கோயில் மண்டபத்தின் சாயல் தெரிவது அந்தக் கலப்பால்தான். குதிரைகள் வந்த அதே கடல் வழியே இந்தியாவிலிருந்து மேற்கே போனவற்றில் மிளகையும் முத்தையும் பேசுகிற அளவுக்கு, நேரம் பார்க்கும் வித்தையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

நாழிகை வட்டில் என்பது அடியில் நுண்துளை போட்ட செம்புக் கிண்ணம். தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி 24 நிமிடத்தில் மூழ்கும். அது ஒரு நாழிகை, நாளொன்றுக்கு 60. முல்லைப்பாட்டின் பாசறையிலேயே அரசனுக்கு நேரம் சொல்லும் நாழிகைக் கணக்கர் இருக்கிறார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்த பாபர், ஊர்தோறும் வட்டிலைப் பார்த்துப் பித்தளைத் தட்டை அடிக்கும் ஆட்களைப் பற்றித் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பாரசீகக் கிராமங்களிலோ இத்தகைய கிண்ணத்தை வைத்துத்தான் கால்வாய் நீரை முறை போட்டுப் பங்கிட்டார்கள்.

வட்டிலுக்கு ஒரு குறை உண்டு. மூழ்கியதும் யாராவது எடுத்து, நீரைக் கொட்டி, திரும்ப மிதக்கவிட வேண்டும். காவலாள் கண்ணயர்ந்தால் அன்றைய கணக்கு போயிற்று.

அந்த ஆளுக்கு ஓய்வு கொடுத்தவர் அல் ஜஸரி. இன்றைய துருக்கியின் தியார்பகிரில் அர்துக் மன்னர்களிடம் வேலை பார்த்த பொறியாளர். 1206-இல் அவர் முடித்த நூலில் ஒரு யானைக் கடிகாரம் வருகிறது. யானையின் வயிற்றுக்குள் தண்ணீர்த் தொட்டி. அதில் மிதப்பது நம்முடைய வட்டிலேதான், அரை மணிக்கு ஒருமுறை மூழ்கும்படி துளையை அளந்திருக்கிறார். மூழ்கும் வட்டில் ஒரு கயிற்றை இழுக்கும். உச்சியிலிருக்கும் உலோகக் குண்டு விடுபட்டு, பருந்தின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழும். குண்டின் எடையில் பாம்பு தலை தாழும்; தாழும்போதே, தன்னோடு பிணைத்த சங்கிலியால் வட்டிலை மேலே தூக்கிவிடும். குண்டு கீழே கிண்ணத்தில் விழுந்து ஒலிக்கும், பாகன் யானையைத் தட்டுவான், பாம்பு பழையபடி நிமிரும். வட்டில் மறுபடி நிரம்பத் தொடங்கும்.

பருந்தும் பாம்பும் பாகனும் அரசவைக்கான வேடிக்கை. கெட்டிக்காரத்தனம் சங்கிலியில் இருக்கிறது: ஒரு சுற்றின் முடிவே அடுத்த சுற்றைத் தொடங்கிவைக்கிறது. மேலே குண்டுகள் இருக்கும்வரை யாரும் கை வைக்க வேண்டியதில்லை. அவை தீர்ந்தால் நிரப்ப ஓர் ஆள் வேண்டும்தான். ஆனால் அரை மணிக்கொருமுறை எழுந்து வர வேண்டாம்.

அல் ஜஸரி தனி ஆளாக முளைத்தவரல்ல. 9-ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் மூசா என்பவரின் மூன்று பிள்ளைகள் எந்திர நூல் எழுதினார்கள். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் வாயிலருகே நீர்க் கடிகாரம் ஓடியது. பள்ளிவாசலுக்குக் கடிகாரம் எதற்கு? தொழுகை வேளைகளைப் பகலில் வெயிலும் நிழலும் காட்டும். மேகமூட்டத்துக்கும் இரவுக்கும் வேறு வழி தேவைப்பட்டது.

யானைக் கடிகாரத்தை ஆளுயரத்துக்கும் மேலாகக் கட்டி இன்று துபாயின் இப்னு பதூதா மாலில் நிறுத்தியிருக்கிறார்கள். மாலுக்குப் பெயர் கொடுத்த பயணி 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானகத்துக்கும் இந்தக் கரைக்கும் வந்துபோனவர். வளைகுடாவில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர்கள் விடுமுறை நாளில் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.