அரணிலிருந்து கச்சேரிக்கு: மட்டக்களப்புக் கோட்டை நிலைத்த வரலாறு

மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவில், இரு புறம் வாவி நீரும் ஏனைய இரு புறம் அகழியும் சூழ அமைந்துள்ள சிறு கோட்டை இன்று 'ஒல்லாந்தர் கோட்டை' என்றே பரவலாக அறியப்படுகிறது. எனினும் போர்த்துக்கேயர் அதற்கு அடியிட்டனர். ஒல்லாந்தர் அதைத் திருத்தியமைத்தனர். ஆங்கிலேயர் அதை ஆட்சி அலுவலகமாக மாற்றினர். அரண் என்ற நிலையில் அது பெற்றிருந்த முக்கியத்துவம் குறுகிய காலத்தது என்பதையும், அலுவலகமாக இடையறாது பயன்பட்டமையே அதன் நிலைபேற்றுக்குப் பெருங்காரணம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குக் கரையோரத்தின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் வசமிருந்தமையால், கண்டி அரசு வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளக் கிழக்குக்கரைத் துறைகளையே நம்பியிருந்தது. 1602ஆம் ஆண்டு மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கடலோடி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், அங்கிருந்தே கண்டிக்குச் சென்று மன்னர் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். இவ்வழியை அடைக்கும் நோக்குடனேயே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, திருகோணமலையில் கோட்டை எழுப்பியதைத் தொடர்ந்து, 1628ஆம் ஆண்டளவில் புளியந்தீவிலும் கோட்டை அமைத்தார்.

இக்கோட்டை நாற்கோண வடிவினது. மூலைகளில் கொத்தளங்கள், அதாவது மதிலுக்கு வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடைகள், உள்ளன. உயர்ந்த மெல்லிய மதில்கள் பீரங்கிக் குண்டுக்குத் தாங்காமையால், தாழ்ந்து தடித்த மதிலும், ஒரு கொத்தளத்திலிருந்து சுட்டே அடுத்த மதிலின் அடியைக் காக்கும் ஏற்பாடும் இத்தாலியில் உருப்பெற்று ஐரோப்பியக் குடியேற்றங்களெங்கும் பரவின. அம்மரபின் எளிய, சிறிய வடிவமே மட்டக்களப்பில் காணப்படுகிறது.

1638 மே மாதம் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் அடம் வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த முதற்கோட்டை இதுவே. சில நாள்களில் இங்கு கையெழுத்தான உடன்படிக்கையின் பிரதிகளுக்கிடையே, கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவதற்கு மன்னரின் இசைவு தேவையா என்பது குறித்து நிலவிய முரண்பாடு, இரு தரப்புக்கும் இடையே நெடும்பகையை விளைவித்தது. சில ஆண்டுகளில் கோட்டையை மன்னரிடம் விட்டகன்ற ஒல்லாந்தர், 1660களின் பிற்பகுதியில் திரும்பி வந்து அதை மீளவும் வலுப்படுத்தினர்.

ஆயினும் வாவியின் முகத்துவாரம் மணல் திட்டால் ஆழம் குன்றியிருந்தமையால் பெருங்கப்பல்கள் உள்நுழைய இயலவில்லை. 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேனின் கப்பல்கள் மட்டக்களப்பை அடுத்த கடலிலேயே நங்கூரமிட்டுப் பழுது பார்க்கப்பட்டன. ஆனால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வாண்டில் மாறிமாறிக் கைப்பற்றியது இயற்கைத் துறைமுகமான திருகோணமலையையே. 1795 ஓகஸ்டில் திருகோணமலை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், செப்டெம்பரில் மட்டக்களப்பும் அவர்கள் வசமாயிற்று.

போர்ப்பயன் அற்ற நிலையிலும் மதில்கள் நிலைத்தமைக்கு அதன்பின் நிகழ்ந்த மாற்றமே காரணமாயிற்று. கச்சேரி, அதாவது வருமானம், காணி முதலிய நிர்வாகங்களைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகம், கோட்டைக்குள் அமர்ந்தது. சுதந்திரத்தின் பின்னும் மாவட்டச் செயலகமாக அப்பணி தொடர்ந்தது. ஆவணங்களும் அலுவலர்களும் உள்ள கட்டடத்துக்குக் கூரை வேய்தலும் ஒழுக்கு அடைத்தலும் அன்றாடத் தேவைகளாதலால், பயன்பாடே பராமரிப்பாகவும் அமைந்தது. தொல்பொருட் சட்டத்தின் வழி வரும் பாதுகாப்பு இதற்குப் பிற்பட்டது. அச்சட்டம் இயற்றப்பட்டதே 1940இல்தான்.

இவ்வரலாறு பேணுகை பற்றிய ஒரு கேள்வியை எழுப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் விசேலே போன்ற இடைக்காலத் தேவாலயங்களைச் சீரமைத்த வியோலே-லெ-டுக், கட்டடத்தை ஒரு முழுமையான இலட்சிய வடிவுக்குக் கொணர விழைந்தார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமோ, எல்லாக் காலத்தவரும் ஒரு நினைவுச்சின்னத்துக்கு அளித்த தகுதியான பங்களிப்புகள் மதிக்கப்பட வேண்டும் என வகுத்தது. இரண்டாவது நோக்கே மட்டக்களப்புக்குப் பொருந்தும். கச்சேரிக் காலத்து அறைகளையும் திருத்தங்களையும் பிற்சேர்க்கைகள் எனக் களைந்து ஒல்லாந்தர் காலத் தோற்றத்தை மட்டும் மீட்க முனைந்தால், கோட்டையை இதுவரை காத்துவந்த காலகட்டத்தின் சான்றுகளே அழிந்துபோகும்.