பேராதனைப் பூங்காவும் கோப்பி நோயும்

பேராதனைப் பூங்காவுக்குப் போனா நாம படம் எடுத்துட்டு வந்துருவோம். ஒரு காலத்தில் அது அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்தபோது, அங்கிருந்த த்வைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்தத் தூளை முதலில் விரலில் கண்டது கோப்பிக்காட்டில் வேலை செய்த நம்ம சனமாத்தான் இருக்கும். அவங்களைக் கேட்டது யார்?

1880இல் அரசாங்கம் மார்ஷல் வார்ட்டை வரவழைத்தது. காற்றில் பரவும் பூஞ்சைதான் காரணம், மலை முழுக்க ஒரே பயிர் நட்டதுதான் அதற்கு வழி திறந்தது என்றார் அவர். துரைமார் பாதியைத்தான் கேட்டார்கள். கோப்பியைப் பிடுங்கிவிட்டு, 1839இலேயே பேராதனைக்கு வந்திருந்த தேயிலையை அதே மலைகளில் நிரப்பினார்கள். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது.